கித்தாருக்கேற்ற ஒலியிடைமுகம்

யாழுக்குப் பத்தர் உண்டு. வீணைக்குக் குடம் உண்டு. நரம்பு எழுப்பும் மெல்லிய அதிர்வை வாங்கிப் பெருக்கி, அதற்கெனத் தனி நிறத்தையும் தருவது அந்த மரக்கூடே ஆகும். மரக்கூடுடைய பழைய கித்தாருக்கும் இது பொருந்தும். ஆனால், திண்ணிய மரப்பலகையால் ஆகிய மின்கித்தாருக்கு அத்தகைய கூடு இல்லை. அதன் கம்பியை மீட்டினால் அடுத்த அறையில் இருப்பவர்க்குக் கேளாது. அதன் ஒலி உருப்பெறும் இடம் வேறு. அவ்விடம் யாதென அறியாமல், வீட்டுக் கணினியில் கித்தார் இசையைப் பதிவுசெய்யக் கருவி வாங்கப் புறப்படுவோர், பல மாதம் சேர்த்த பணத்தைச் செலவிட்டும் தம் கித்தாரின் குரலை இழந்துவிடுகின்றனர்.

கித்தாருக்கும் கணினிக்கும் இடையே நிற்கும் சிறு பெட்டியை ‘ஆடியோ இன்டர்பேஸ்’ என்பர். தமிழில் ஒலியிடைமுகம் எனலாம். கித்தாரிலிருந்து வரும் மின்னலையை வாங்கி, வேண்டிய அளவு பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவது இதன் வேலை. கணினியிலிருந்து திரும்பி வரும் எண்களை மீண்டும் மின்னலையாக்கி ஹெட்போனுக்குத் தருவதும் இதுவே. இப்பெட்டியின் விளம்பரத் தாள்களில் 24 பிட் என்றும், விநாடிக்கு 192,000 மாதிரி என்றும் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருக்கும். கித்தார் வாசிப்பவர்க்கு முதன்மையாக வேண்டிய செய்தியோ கடைசி வரிகளில் சிறிய எழுத்தில் கிடக்கும். அதனைத் தேடிப் படிப்பவர் சிலரே.

அச்செய்தி யாதென அறியக் கித்தாரின் பிக்கப் என்னும் உறுப்பை நோக்க வேண்டும். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியதே பிக்கப். அதன்மேல் எஃகுக் கம்பி அதிரும்பொழுது காந்தப்புலம் அசைகிறது. அவ்வசைவால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. அதனை இசைக்கருவியில் அமைத்து அமெரிக்கரான ஜார்ஜ் போஷாம் 1937இல் காப்புரிமை பெற்றார். மின்கித்தாரின் பத்தர் எதுவெனக் கேட்பின், இச்சுருளும் அது சென்று சேரும் மின்சுற்றும் என்றே விடை கூற வேண்டும்.

இங்கேதான் நுட்பம் உள்ளது. சுருள் தரும் மின்னழுத்தம் மெல்லியது. அதன் உள் மின்னெதிர்ப்போ மிகுதி. தாழ்ந்த சுரங்களில் ஏறத்தாழ 8,000 ஓம் அளவில் இருக்கும் அவ்வெதிர்ப்பு, அதிர்வெண் ஏற ஏறத் தானும் ஏறி, 2,000 முதல் 5,000 வரையிலான அதிர்வெண்களில் 1 இலட்சம் ஓமையும் கடந்துவிடும். கித்தாரின் ஒலிக்குக் கூர்மையும் ஒளியும் தருவது இப்பகுதியே. இனி, இச்சுருளை 10,000 ஓம் எதிர்ப்புடைய சாதாரண ‘லைன்’ வாயிலில் செருகினால் என்ன ஆகும்? தாழ்ந்த சுரத்தில் 18 பங்கில் 10 பங்கு பெட்டிக்குக் கிடைக்கும். உயர்ந்த பகுதியிலோ 11 பங்கில் ஒரு பங்கே தேறும். ஒலி சிறுத்துப்போவதோடு நில்லாது. கம்பளி போர்த்தியது போல் மங்கியும் போகும். 10 இலட்சம் ஓம் எதிர்ப்புடைய வாயிலில் செருகினாலோ அதே உயர்பகுதியில் 11 பங்கில் 10 பங்கு தேறிவிடும். இவை தோராயக் கணக்கே எனினும் காதுக்குப் புலப்படும் வேறுபாடு இதுதான்.

மெலிந்து சுரக்கும் ஊற்றின் கரையில் அகன்ற வாய்க்காலை வெட்டினால் நீர்மட்டம் தாழ்ந்துவிடும். சிறு துளையிட்டால் மட்டம் அப்படியே நிற்கும். தாழ்ந்த எதிர்ப்புடைய வாயில் அகன்ற வாய்க்காலை ஒத்தது. மங்கிய ஒலியைப் பின்னர் மென்பொருளால் உயர்த்திக்கொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். உயர்த்தலாம், உடன் இரைச்சலும் உயரும். பிக்கப்புக்கே உரிய அந்த ஒத்ததிர்வின் வடிவமோ திரும்ப வாராது.

ஆகவே வாங்கும் பெட்டியில் கித்தாருக்கெனத் தனி வாயில் உண்டா என்பதே முதற்கேள்வி. ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ எழுதியிருக்கும். சிலவற்றில் கித்தார்ப் படம் பொறித்திருக்கும். சிலவற்றில் ஒரே வாயில் இருவகைக்கும் பயன்பட, அருகில் ஒரு பொத்தான் இருக்கும். அதனை அழுத்த மறந்துவிட்டுப் பெட்டியைக் குறைகூறுவாரும் உளர். விவரத் தாளில் அவ்வாயிலின் எதிர்ப்பு 1 மெகா ஓம், அதாவது 10 இலட்சம் ஓம், அல்லது அதனை ஒட்டி இருத்தல் நன்று. போக்கஸ்ரைட்டின் ஸ்கார்லெட் சோலோ, ஆடியன்டின் ஐடி4, மோட்டுவின் எம்2 முதலிய சிறு பெட்டிகளில் இத்தகைய வாயில் உண்டு. மடிக்கணினியின் 3.5 மில்லிமீட்டர் ஒலிவாங்கித் துளையோ சிறு ஒலிவாங்கிகளுக்கென அமைந்தது. செருகியை மாற்றிப் பொருத்திக் கித்தாரை அதில் இணைப்பது வீண் முயற்சி.

மரக்கூட்டுக் கித்தார் வைத்திருப்போர் நிலை சற்று வேறு. பாலத்தின் அடியில் பியசோ வகைப் பிக்கப் மட்டும் இருந்தால் அதற்கும் உயர் எதிர்ப்பு வாயிலே வேண்டும். எதிர்ப்புக் குறைந்தால் இங்கே தாழ்சுரங்கள் மெலியும். மின்கித்தாருக்கு நேர்வதன் மறுதலை இது. உள்ளே 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கி இருந்தால், எந்த வாயிலும் பெரும்பாலும் ஏற்கும். ஆயினும் மரக்கூட்டின் இயல்பொலியை விரும்புவோர் ஒலிவாங்கியை எதிரே நிறுத்திப் பதிவதே முறை. கண்டென்சர் வகை ஒலிவாங்கியாயின் பெட்டி 48 வோல்ட் மின்சாரம் தர வேண்டும். பாடிக்கொண்டே வாசிப்பவர்க்கு இரண்டு வாயில்கள் தேவை. தனியே ஒரு கித்தாரை மட்டும் பதிவோர் எட்டு வாயிலுடைய பெட்டியை வாங்குவது, இருவர் வாழும் வீட்டுக்குப் பேருந்து வாங்குவதை ஒக்கும்.

அடுத்து நோக்கத்தக்கது தாமதம். இக்காலத்தில் பலர் பெருக்கிப் பெட்டியே இல்லாமல், அதன் ஒலியைப் போலிசெய்யும் மென்பொருள் வழியாகக் கேட்டுக்கொண்டே வாசிக்கின்றனர். கம்பியை மீட்டிய ஒலி கணினிக்குள் சென்று, நிறம் மாறி, ஹெட்போனுக்குத் திரும்பி வரச் சிறிது காலம் ஆகும். கணினி மாதிரிகளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளியே வேலை செய்கிறது. அக்கைப்பிடியை ‘பஃபர்’ என்பர். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும்பொழுது, 128 மாதிரி கொண்ட பஃபர் நிரம்ப 2.7 மில்லிவிநாடி ஆகும். 1,024 மாதிரியாயின் 21 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். இது ஒருவழிக் கணக்கே. வருவழிக்கும் அவ்வளவு கூட்டுக.

எவ்வளவு தாமதம் பொறுக்கத்தக்கது? காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். மேடையில் பெருக்கியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்பவர் தம் கித்தாரையே ஏறத்தாழ 9 மில்லிவிநாடி கழித்துத்தான் கேட்கிறார். அவருக்குத் தாளம் தவறுவதில்லை. போகவும் வரவும் சேர்த்து 10 மில்லிவிநாடி அளவில் அடங்கினால் இடர் இல்லை. 40 மில்லிவிநாடியானால் விரல் ஓரிடமும் செவி ஓரிடமும் நிற்கும்.

இத்தாமதத்தைக் குறைப்பது பெரும்பாலும் பெட்டியின் இயக்கி மென்பொருளே. விண்டோஸ் கணினியில், ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் வகுத்த ‘ஆசியோ’ முறைக்கு ஏற்பப் பெட்டியைச் செய்தவரே எழுதிய இயக்கி கிடைக்கிறதா எனக் கேட்க வேண்டும். ஆப்பிள் கணினிகளில் இதற்கான அமைப்பு உள்ளேயே உண்டு. ‘நேரடிக் கண்காணிப்பு’ என்னும் பொத்தான் இருந்தால் தாமதமே இல்லை எனக் கடைக்காரர் கூறுவர். உண்மையே; ஆனால் அப்பொத்தான் கித்தாரின் வெற்றொலியை மட்டும் காதுக்குத் தருகிறது, மென்பொருள் சேர்க்கும் நிறத்தைத் தருவதில்லை. ஆதலின் மென்பொருள் பெருக்கியை நம்பி வாசிப்போர்க்கு அப்பொத்தானைவிட நல்ல இயக்கியே பெரிது. கழித்துவிட்ட பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென வாங்குவோர், இன்றைய இயங்குதளத்துக்கு அதன் இயக்கி உண்டா எனப் பார்த்தபின் பணத்தை எடுப்பது நலம். பயர்வயர்ச் செருகியுடைய பழம்பெட்டிகளுக்குப் புதிய கணினிகளில் இடமே இல்லை.

இனி அந்தப் பெரிய எழுத்துச் செய்திகளுக்கு வருவோம். கித்தாரின் அடிக்கம்பி விநாடிக்கு 82 முறை அதிரும். 24ஆம் கட்டில் உச்சக்கம்பி ஏறத்தாழ 1,319 முறை அதிரும். கிளைச்சுரங்களைச் சேர்த்தாலும், கித்தார்ப் பெருக்கியின் ஒலிபெருக்கி 6,000க்கு மேல் அதிகம் வெளியிடுவதில்லை. 44,100 அல்லது 48,000 மாதிரியே தாராளம். 24 பிட் மட்டும் மெய்யாகவே பயனுடையது. உச்ச அளவுக்கு 12 டெசிபல் தாழ நிறுத்தி அச்சமின்றிப் பதியலாம். யூஎஸ்பி வேகத்தைப் பற்றியும் கவலை வேண்டா. 24 பிட், 48,000 மாதிரியில் இரு தடங்கள் விநாடிக்கு 23 இலட்சம் பிட்டே ஆகும். 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 48 கோடி பிட் சுமக்க வல்லது.

பெட்டி வாங்கி இணைத்தபின் ‘உம்’ என்னும் முரல்வு கேட்டால் உடனே பெட்டியைப் பழித்தல் தகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 அதிர்வெண்ணில் ஓடுகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் அதனையும் அதன் மடங்குகளையும் பிடித்துவிடும். கித்தாரைக் கையில் ஏந்தியபடி மெல்லத் திரும்பிப் பார்த்தால் முரல்வு ஏறி இறங்கும். அது பிக்கப்பின் வேலை. இதனைப் போக்கவே கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை அமைத்தார். மடிக்கணினியின் மின்னேற்றியைப் பிடுங்கியவுடன் முரல்வு நின்றால் குறை மின்னேற்றி வழியில் உள்ளது. இரட்டைச் சுருளின் மின்னலை வலியது. சில பெட்டிகளில் பெருக்கத்தை அறவே குறைத்தாலும் அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். கடையில் தம் கித்தாரையே கொண்டுசென்று, ஒலித் திருகை முழுதும் திறந்து வன்மையாக மீட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அங்கேயே ‘இன்ஸ்ட்’ பொத்தானை அழுத்தியும் விடுத்தும் கேட்கலாம். முன்கூறிய பதினொன்றில் பத்துக்கும் பதினொன்றில் ஒன்றுக்கும் உள்ள தொலைவைக் காதே சொல்லிவிடும்.

கித்தார் வாயில் இல்லாத பெட்டியை முன்னமே வாங்கிவிட்டவர் அதனை எறிய வேண்டியதில்லை. ‘டிஐ பாக்ஸ்’ என்னும் சிறு கருவியில் மின்கலத்தாலோ 48 வோல்ட்டாலோ இயங்கும் வகையை வாங்கி இடையில் இணைத்தால், அது கித்தாரை உயர் எதிர்ப்பில் ஏற்றுக்கொண்டு பெட்டியின் ஒலிவாங்கி வாயிலுக்கு ஏற்றவாறு தந்துவிடும். கித்தாரிலிருந்து அக்கருவிக்குச் செல்லும் கம்பிவடம் 3 மீட்டருக்கு மிகாதிருப்பது நன்று. நீள வடமும் ஒலியின் கூர்மையைச் சிறிது உண்ணும்.