வீட்டில் ஒட்டு வேலை: எந்த வெல்டிங் மெசின் பொருந்தும்?

1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளும் தடைப்பட்டது. அப்போதும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் எமது வீதிகளில் ஓடின. சிறிதளவு பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உள்ளதைத் திருத்திப் பாவிக்கும் பழக்கம் அன்றே எம்மவருக்குக் கைவந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இலேயே மீண்டும் தொடங்கியது. அந்த ஆண்டுகளிலும் இதே பழக்கம் கைகொடுத்தது.

இன்று மீளக்குடியமர்ந்த காணியிலும், உறவினர் வளவிலும் பழைய காரையோ லான்ட்மாஸ்ரரையோ தாமே ஒட்டித் திருத்த விரும்புவோர் பலர். ஆனால் பொருந்தாத மெசினை வாங்கினால் காசும் போகும், வேலையும் நடக்காது.

முதலில் வேலையைப் பாருங்கள்

ட்ரெயிலர் சட்டம், கலப்பை, படலைக்கு இரும்புச் சட்டம் போன்றவை 3 மில்லிமீற்றர் அளவு அல்லது அதற்கு மேல் தடித்த இரும்பு. கூர் வைத்து ஒட்டும் சாதாரண ஆர்க் மெசின் இவற்றுக்குப் போதும். கார் உடலின் தகரம் வேறு. அது ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான். கறள் தின்ற இடம் இன்னும் மெல்லியது. பழகாத கை அதிலே கூரை வைத்தால் துளைதான் விழும்.

மெல்லிய தகரத்துக்கு ஏற்றது கம்பி ஊட்டும் மிக் மெசின். இதற்கு 0.6 மில்லிமீற்றர் கம்பியும், வாயுச் சிலிண்டரும் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த வளவில் வேலை செய்தால் காற்று அந்த வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். எனவே பெரும்பாலானோருக்கு நல்ல வழி இதுவே: ஆர்க் மெசினை வாங்கித் தடித்த வேலையை வீட்டில் செய்யுங்கள், தகர வேலையைக் கராஜில் கொடுங்கள்.

வீட்டு மின்சாரம் தாங்குமா?

எமது வீட்டு இணைப்பு 230 வோல்ற்று. பெரும்பாலும் 30 அம்பியர். பழைய ட்ரான்ஸ்போமர் மெசின் பாரமானது, மின்சாரத்தையும் கூடுதலாக இழுக்கும். இன்வேட்டர் மெசினை ஒரு கையால் தூக்கலாம்; அதே வேலைக்குக் குறைவாக இழுக்கும்.

மெசினில் எழுதியுள்ள 160 அம்பியர் என்பது கூரின் நுனிக்கு வரும் மின்சாரம். சுவரிலிருந்து இழுப்பது அல்ல. 2.5 மில்லிமீற்றர் கூருக்கு 70 முதல் 90 அம்பியர் போதும். அதற்கே சுவரிலிருந்து 15 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். ஆகவே 13 அம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு தடித்த வயரில் தனி இணைப்பு எடுங்கள்.

தகட்டில் “160 அம்பியர், 60 வீதம்” என்றிருந்தால், அந்த அளவில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் ஒட்டலாம், மீதி நேரம் ஆறவிட வேண்டும் என்பது பொருள். இந்த வீதம் எழுதப்படாத மெசினை விட்டுவிடுங்கள்.

செலவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்

முகமூடி, 10 ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, கம்பித் தூரிகை எல்லாம் மெசினின் விலையோடு சேர்ந்தவை. கூர் மாரியில் ஈரம் பிடிக்கும். இறுக மூடிய தகரப் பேணியில் வையுங்கள். இதற்காக நுண்கடன் எடுக்கவேண்டாம். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினால் சுமை குறையும்.

உயிர் முக்கியம்

பெற்றோல், மண்ணெண்ணெய்த் தாங்கியை, வெறுமையாகத் தோன்றினாலும், ஒருபோதும் ஒட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். காரில் வேலை தொடங்குமுன் பற்றரியைக் கழற்றுங்கள். கிடுகு வேலிக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் தூரமாகச் சென்று ஒட்டுங்கள். ஈர நிலத்தில் நிற்காதீர்கள். நாகம் பூசிய தகரத்தின் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். பூச்சைச் சுரண்டிய பின், காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள்.

மீளக்குடியமர்ந்தோர் ஒன்றை மறக்கக்கூடாது. காணியில் கிடக்கும் இனந்தெரியாத இரும்பை ஒட்டு வேலைக்கென எடுக்காதீர்கள். அது வெடிக்காத ஷெல்லாக இருக்கலாம். தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

வாங்குமுன் அயலில் மெசின் வைத்திருப்பவரிடம் கேட்டு, கழிவு இரும்பில் நாலு கூர் எரித்துப் பாருங்கள். கை பழகிய பின்னரே காசை எண்ணிக் கொடுங்கள்.