டப்பா மானிட்டரின் நூறு ஹெர்ட்ஸ்

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6 கொடிகட்டிப் பறந்த 2004, 2005 வாக்கில், நம்மூர் கேமிங் சென்டர்களில் இடம் பிடிக்கும் சண்டை ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடும். எந்த சிஸ்டத்தில் மவுஸ் பால் சிக்காமல் உருளும், எதில் ஹெட்போன் இரண்டு காதிலும் கேட்கும் என்பதெல்லாம் வாடிக்கைப் பையன்களுக்கு அத்துப்படி. இன்னும் விவரமானவர்கள் மானிட்டரைப் பார்ப்பார்கள். “அண்ணா, அந்தக் கடைசி சிஸ்டத்தைக் குடுங்கண்ணா” என்று சென்டர்காரரிடம் கெஞ்சினால், அந்த டப்பா மானிட்டர் 100 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பொருள். ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அதில் ஆடினால் ஓடுகிற எதிரி தெளிவாகத் தெரிவான், அது போதும்.

கணக்கு எளிமையானது. மானிட்டர் ஒரு நொடிக்கு எத்தனை முறை திரையைப் புதுப்பிக்கிறதோ அது ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைந்து தருகிறதோ அது எஃப்.பி.எஸ். வரைவது ஒரு பெட்டி, காட்டுவது இன்னொரு பெட்டி. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. கேமிங்கில் திரை சம்பந்தமாக வருகிற தகராறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

பழைய சி.ஆர்.டி. மானிட்டரில் எலெக்ட்ரான் கற்றை வரி வரியாக மேலிருந்து கீழே ஓடி, கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பரை ஒளிரச் செய்யும். ஒளி கணத்தில் மங்கிவிடும். நொடிக்கு 60 முறைதான் கற்றை வந்தது என்றால், சோக் போன ட்யூப்லைட் மாதிரி திரை மினுக்கும். ஓரக்கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். அதனால்தான் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட், மானிட்டர் என்று உள்ளே உள்ளே போய் 85-ஐத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்தது.

அந்த ஹெர்ட்ஸ் பட்டியலில் எதுவும் இலவசமில்லை. கிடைமட்டமாக நொடிக்கு 70,000 வரி வரை ஓட்டக்கூடிய 17 இன்ச் மானிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 1280-க்கு 1024 வைத்தால் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 1024-க்கு 768 என்றால் 85. 800-க்கு 600 என்று இறக்கினால் 100 கிடைக்கும். படம் பெரிதாக வேண்டுமா, வேகம் வேண்டுமா என்பதை ஆடுகிறவரே முடிவு செய்ய வேண்டும். அதிலும் ஒரு தொல்லை: டெஸ்க்டாப்பில் 85 வைத்திருந்தாலும் கேமுக்குள் நுழைந்ததும் எக்ஸ்.பி. பல நேரம் 60-க்கு இறக்கிவிடும். கேம் ஷார்ட்கட்டில் ‘ஃப்ரீக் 100’ என்று ஒட்டுப்போட்டு, கன்சோலைத் திறந்து ‘எஃப்.பி.எஸ். மேக்ஸ் 101’ என்று அடித்து, எஃப்.பி.எஸ். காட்டும் நெட் கிராஃபில் 100 என்ற எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தபிறகே துப்பாக்கி வாங்கப் போவார்கள். வரைவதும் 100, காட்டுவதும் 100. மவுஸை அசைத்தால் துப்பாக்கி கூடவே வரும்.

எஃப்.பி.எஸ். கண்ணோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1999-ல் வந்த குவேக் 3 அரீனாவில், எண்ணை 125-ல் வைத்தவர் மற்றவர்களைவிடச் சற்று உயரமாகக் குதிப்பார்! ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் குதிப்பின் வேகத்தைக் கணக்கிட்டு முழு எண்ணாக்கும் இடத்தில் அந்த கேம் விட்ட ஓட்டை அது. எட்டாத விளிம்பில் ஏறிப்போகும் அளவுக்கு அந்தச் சின்ன வித்தியாசம் பயன்பட்டது.

பிறகு எல்.சி.டி. வந்தது. மேஜையில் இடம் மிச்சம், கரண்ட் பில் மிச்சம், எழுத்து கூர்மை. ஆபீஸ் வேலைக்கு வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. கேம் ஆடுகிறவனுக்கோ பின்னடைவு. அநேகமாக எல்லாமே 60 ஹெர்ட்ஸ். மினுக்கல் இல்லையே என்று சந்தோஷப்பட்டோம், ஆனால் அதே காரணத்தால்தான் படம் குழைந்தது. எல்.சி.டி. ஒரு படத்தை 16.7 மில்லிசெகண்ட் அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஓடுகிற எதிரியின் பின்னால் கண் நகர்ந்துகொண்டே இருக்க, படம் நின்ற இடத்தில் நிற்பதால் விழித்திரையில் இழுபட்டுப் பதியும். அந்தக் கால பேனல்களில் பிக்ஸல் நிறம் மாறுவதும் மந்தம் என்பதால் பின்னாலேயே ஒரு நிழல்வால் வேறு. விஷயம் தெரிந்த சிலர் டப்பாவை விடவே இல்லை. 24 இன்ச் அகலத்திரையும் நாற்பது கிலோவைத் தாண்டும் எடையும் கொண்ட சோனியின் ஜி.டி.எம். எஃப்.டபிள்யூ 900-ஐ இன்றைக்கும் தேடிப் பிடித்து, கொழுத்த விலை கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு.

இழந்த வேகம் திரும்பி வந்த வழி வேடிக்கையானது. 2009-ல் சாம்சங்கும் வியூசோனிக்கும் 120 ஹெர்ட்ஸ் எல்.சி.டி.களை இறக்கியது என்விடியாவின் முப்பரிமாணக் கண்ணாடிக்காக. கண்ணுக்கு 60 வீதம் இரண்டு கண்ணுக்கு 120. கண்ணாடி மூலைக்குப் போனது, 120 நிலைத்தது. 2012-ல் 144 வந்தது. 2013 அக்டோபரில் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது, அடுத்து ஏ.எம்.டி. ஃப்ரீசிங்க்கோடு வந்தது. அதுவரை கம்ப்யூட்டர் வரைந்து முடிக்கும் நேரமும் திரை புதுப்பிக்கும் நேரமும் மோதினால் படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியும். வி-சிங்க் என்ற பழைய வசதியைப் போட்டால் கிழிசல் போகும், ஆனால் கை அசைவு தாமதமாகத் திரைக்கு வரும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் ஏற்பாட்டில் படம் தயாராகும்வரை மானிட்டரே காத்திருக்கிறது. கேமிங் மானிட்டர்களில் நடந்த மாற்றங்களில் என் ஓட்டு இதற்குத்தான், 144-க்குக்கூட அடுத்த இடம்தான்.

ஏறக்குறைய அதே சமயத்தில் எண்ணைப் பார்க்கும் பார்வையும் மாறியது. 2011-ல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தில் ஸ்காட் வாசன், சராசரி எஃப்.பி.எஸ்.ஸை நம்பாமல் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று அளந்து எழுதினார். சராசரி 60 என்று காட்டும் கேமில் நடுவே ஒரே ஒரு ஃப்ரேம் 100 மில்லிசெகண்ட் எடுத்தால், எண் அசையாது, கை தடுக்கும். “லாக் அடிக்குது மச்சி” என்று சென்டரில் கத்தியவன் கண்டுபிடித்ததைக் கருவி வைத்து நிரூபித்த மாதிரி ஆயிற்று.

இன்று எண்கள் தாறுமாறாக ஏறியிருக்கின்றன. 2020-ல் 360, 2023-ல் 540, அடுத்த வருடம் ஓ.எல்.இ.டி.யிலேயே 480. பெட்டியில் எழுதிய எண்ணைவிட மிச்சமாகும் நேரத்தைப் பாருங்கள். 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு ஃப்ரேமுக்கு 9.7 மில்லிசெகண்ட் மிச்சம். 240-லிருந்து 360-க்குப் போனால் 1.4. முதல் தாவலுக்குக் காசு கொடுக்கலாம். இரண்டாவது, ஆட்டத்தையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு. அவர்களில் பலர் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-ஐ இன்னமும் 1280-க்கு 960-ல் ஓட்டுகிறார்கள். செலவு செய்து 144 வாங்கியவர் விண்டோஸ் செட்டிங்ஸில் 60-ஐ மாற்றாமலே மாதக்கணக்கில் ஆடுவதும் நடக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் இன்றே டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே வரை போய்ப் பார்த்துவிடுங்கள்.

இப்போதைய பையன்கள் பலருக்கு ஹெர்ட்ஸ் அறிமுகமானது போனில். கிராஃபிக்ஸை ‘ஸ்மூத்’துக்கு இறக்கி ஃப்ரேம் ரேட்டை 90-க்கு ஏற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் போன் கொதித்து, எண் தானாக இறங்கிவிடுகிறது.

எனக்கு ஒட்டாத மாற்றம் ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்கு ஈடாக ஓடும் என்று மேடையில் சொன்னார். வரைந்த ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மூன்று ஃப்ரேம் வரை ஏ.ஐ. இட்டு நிரப்புவதால் வந்த ஈடு அது. இட்டு நிரப்ப அடுத்த நிஜப் படம் கையில் இருக்க வேண்டும், ஆகவே அதைச் சற்றுத் தடுத்து வைத்துத்தான் காட்டுகிறது. திரை 240 என்கிறது, மவுஸ் 60-க்கும் ஒரு பிடி குறைவாக நடந்துகொள்கிறது. கன்ட்ரோலரோடு சோபாவில் சாய்ந்து கதை கேம் ஆடுகிறவருக்கு இது உறைக்காது, படம் வழுக்கிக்கொண்டு போகும், நல்லதுதான். துப்பாக்கிச் சண்டைக்கு உட்காருகிறவர்கள் இதை அணைத்துவிட்டே ஆடுகிறார்கள்.