விவசாயியும் வியாபாரியும் ஒரே இடத்தில்: வாரச் சந்தை சொல்லித் தரும் கணக்கு

உள்ளூர் உணவையும் சிறு விவசாயிகளையும் ஆதரிப்போம் என்று எங்காவது ஒரு கூட்டம் நடந்தால், 'அது நமக்குச் சம்பந்தமில்லாத விடயம்' என்று வியாபாரிகளில் பலர் ஒதுங்கிக் கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், நமக்குத்தான் அது அதிகம் சம்பந்தப்பட்டது.

இப்படியான ஒன்றுகூடல் நமது நாட்டுக்குப் புதியதல்ல. ஊருக்கு ஊர் வாரம் ஒரு நாள் கூடும் 'பொல' எனப்படும் சந்தை அதைத்தான் செய்து வந்தது. இன்றோ அங்கு கடை விரிப்பவர்களில் பலர் பொருளாதார மத்திய நிலையத்தில் வாங்கி வந்து விற்பவர்கள். உற்பத்தி செய்தவரைக் காண்பது அரிதாகிவிட்டது. இந்த இடைவெளியை நிரப்பவே புதிய முயற்சிகள் வந்தன. 2012 டிசம்பரில் ஆரம்பமான 'குட் மார்க்கட்', சேதன விவசாயிகளையும் சிறு உற்பத்தியாளர்களையும் பத்தரமுல்லை தியத்த உயனவில் வாரந்தோறும் ஒன்றுகூட்டியது. விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' நிலையங்களிலும் வடக்கின் 'அம்மாச்சி' உணவகங்களிலும் பெண்கள் உள்ளூர்த் தானியங்களில் சமைத்து நேரடியாக விற்கிறார்கள்.

சரி, விவசாயி ஏன் தானாகவே சந்தைக்கு வருவதில்லை? காரணம் கடன். விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் கொடுத்த முதலாளிக்கே விளைச்சலைக் கொடுக்க வேண்டியுள்ளது. ஒரு சிறிய தோட்டத்தின் விளைச்சலுக்குத் தனியாக லொறி பிடிக்கவும் கட்டாது. இடைத்தரகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடன் திரும்பாத ஆபத்தையும் பொருள் பழுதாகும் ஆபத்தையும் அவரே சுமக்கிறார்.

உண்மையான நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. நமது நாட்டில் மரக்கறி, பழங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அறுவடைக்குப் பின் வீணாவதாக மதிப்பிடப்படுகிறது. சாக்கில் திணித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏற்றுவது அதற்கு முக்கிய காரணம். 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. கூடைக்குச் செலவும், லொறியில் இடமும் அதிகம் என்பதே முறைப்பாடு.

ஓர் உதாரணம் பாருங்கள். 100 கிலோ தக்காளியைக் கிலோ 100 ரூபா வீதம் வாங்குகிறீர்கள். முதல் 10,000 ரூபா. 25 கிலோ பழுதானால், மீதி 75 கிலோவை 133 ரூபாவுக்கு விற்றால்தான் முதல் வரும். அருகிலிருந்து கூடையில் வந்து, 10 கிலோ மட்டுமே பழுதானால் 111 ரூபா போதும். கிலோவுக்கு 22 ரூபா மிச்சம். கூடைச் செலவைக் கழித்த பிறகும் விவசாயிக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் குறைக்கலாம், நமக்கும் ஒரு பங்கு நிற்கும். எவர் வயிற்றிலும் அடிக்காமல் கிடைக்கும் இலாபம் இது.

இன்னொன்றும் உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் நீக்கப்பட்டது. அதற்குள் விளைச்சல் பாதிக்கப்பட்டது. 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்றன. தூரத்து லொறியை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நாட்கள் நமக்குக் காட்டின.

ஆகவே, நான் சொல்வது மூன்று விடயங்கள். முதலாவது, உங்கள் ஊரைச் சுற்றியுள்ள நான்கைந்து விவசாயிகளுடன் வாரத்துக்கு இத்தனை கிலோ என்று பேசி வையுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த அளவை மாற்றாதீர்கள். இரண்டாவது, கையில் காசு கொடுங்கள். கடனில் மாட்டியிருப்பவருக்குப் பத்து ரூபா கூடுதல் விலையைவிட அன்றே கிடைக்கும் காசு பெரியது. மூன்றாவது, கூடைகளை நீங்களே வாங்கிக் கொடுத்துத் திருப்பி எடுங்கள்.

ஒருநாள் கூட்டத்தில் பேசிக் கலைந்தால் விவசாயிக்கு மிஞ்சுவது தேநீர் மட்டுமே. அடுத்த வாரமும் அவரிடம் வாங்க நீங்கள் போனால்தான், அடுத்த போகத்திலும் அவர் விதைப்பார்.