சி பிளஸ் வாங்கிய பிள்ளையும் மருத்துவக் கல்லூரியும்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளியாகும் நாளில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். தேவிகுளத்து லயமாயினும், கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பு வீடாயினும் வேறுபாடு இல்லை. தமிழில் ஏ பிளஸ், சமூகவியலில் ஏ, பௌதிகத்திலும் இரசாயனத்திலும் சி பிளஸ். ஐந்தாம் வகுப்பு முதல் "டாக்டருக்குப் படிப்பேன்" என்று சொல்லி வந்த பெண், மறுநாள் முதல் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பிள்ளையின் மனம் நோகுமே என்று பெற்றோரும் எடுப்பதில்லை. எவரும் முடிவு செய்யாமலே ஒரு முடிவு நேர்ந்து விடுகிறது.

அந்த சி பிளஸ் உண்மையில் எதை மறுக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? ஐம்பதுக்கு மேல் அறுபதுக்குள் வாங்கிய மதிப்பெண் அது. பிளஸ் ஒன் வகுப்பில் உயிரியல் அடங்கிய அறிவியல் பிரிவு கிடைப்பதை அது கடினமாக்கலாம். விரும்பிய பள்ளி கிடைக்காமற் போகலாம். ஆனால் மருத்துவக் கல்லூரி இடத்தைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தீர்மானிப்பதில்லை. கேரளத்தில் அந்த இடம் நீட் தேர்வின் தரவரிசைப்படியே வழங்கப்படுகிறது.

அடுத்து, அம்மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதையும் ஆராய வேண்டும். அறிவுக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதையே முதற் காரணமாகக் கொள்வது நம் வீடுகளில் பழகிப்போன தவறு. எல்லைப் பகுதியில் தமிழ் வழியில் பயிலும் பிள்ளை, வீட்டில் ஒரு தமிழும், பாடநூலில் வேறொரு தமிழும், கடைத்தெருவில் மலையாளமும் கேட்டு வளர்கிறது. பிளஸ் ஒன் வகுப்பில் நுழைந்ததும் அறிவியல் நூல்கள் ஆங்கிலத்தில் வந்து நிற்கின்றன. 'முடுக்கம்' என்று பயின்ற பொருளே 'ஆக்ஸிலரேஷன்' என்று புதுப் பெயரில் வரும்போது, தனக்குத் தெரிந்ததையே தெரியாததாகப் பிள்ளை எண்ணிக் கொள்கிறது. பத்தாம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எதிரெதிரே எழுதிய ஒரு குறிப்பேடு தொடங்கினால், அச்சத்தில் பாதி நீங்கும் என்பது நம் கருத்து.

மருத்துவம் தமிழுக்கு அடங்காத கலை என்று எண்ணுவோர்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைவூட்ட விரும்புகிறோம். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்தில்தான் மேலை மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றோர் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் சென்றுவிட்டனர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். இதைக் கண்ட கிறீன் 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலியவற்றுக்கு அவரும் அவர் மாணவர்களும் தமிழ் நூல் ஆக்கினர். இரசாயன நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கெமிஸ்தம்'! சொல் இல்லாத இடத்தில் சொல்லைப் படைத்துக்கொண்டு அம்மாணவர்கள் வைத்தியர் ஆனார்கள். மாணவருக்கு ஆங்கிலம் வரவில்லை, ஆகவே அறிவியலும் வராது என்று அவர் முடிவு கட்டவில்லை.

நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஆயினும் ஒரு நுட்பத்தை அறிந்திருத்தல் வேண்டும். தமிழைத் தேர்ந்தெடுப்போருக்குத் தேர்வு மையம் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே ஒதுக்கப்படும். குமுளிப் பிள்ளை தேனிப் பக்கமும், சிற்றூர்ப் பிள்ளை கோயம்புத்தூர்ப் பக்கமும் செல்ல வேண்டி வரலாம். தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கிலமே முடிவானது. விண்ணப்பத்தில் ஒருமுறை தேர்ந்த மொழியைப் பின்னர் நினைத்தபோதெல்லாம் மாற்ற இயலாது. ஆகவே வீட்டில் கூடிப் பேசிய பின்னரே அந்தக் கட்டத்தை நிரப்புக.

பௌதிகம் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு ஒரு கணக்கும் சொல்லலாம். 2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். அவற்றுள் 90 வினாக்கள், அதாவது 360 மதிப்பெண், உயிரியலுக்கே உரியவை, பௌதிகத்துக்கு 180தான். சரியான விடைக்கு நான்கு. தவறான விடைக்கு ஒன்று கழியும். வலுவான பாடத்தில் ஊன்றி நின்று, வலுவற்றதில் தெரிந்ததை மட்டும் எழுதும் பிள்ளைக்கு இங்கே இடம் உண்டு. பௌதிகத்தை அறவே கைவிட்டவருக்கு இல்லை.

இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் 1949இல் ஜான் கர்டன் என்னும் மாணவர் உயிரியலில் 250 பேருள் கடைசியாக நின்றார். அறிவியல் அறிஞராகும் எண்ணம் நகைப்புக்குரியது என்று ஆசிரியர் அறிக்கையில் எழுதினார். 2012இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது. அதைப் பகிர்ந்துகொண்ட யமனாக்கா, அறுவை மருத்துவப் பயிற்சியில் கை ஓடாமல் தடுமாறியவர்! ஆயினும் இக்கதையை நம் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. கர்டனின் பெற்றோர் தனி ஆசிரியர் வைத்து உயிரியல் கற்பிக்க வல்லவராயிருந்தனர். தேயிலை பறிக்கும் தாய்க்கு அது இயலுமா? நீட் தேர்வை எழுத வயது உச்சவரம்பு இப்போது இல்லை, எத்தனை முறையும் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பத்தின் கூலியைத் தின்னும். இரண்டு முறை முயன்றும் மதிப்பெண் உயரவில்லையெனில், செவிலியர் படிப்பையோ ஆய்வுக்கூடப் படிப்பையோ பற்றி வெட்கமின்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

இப்போது கல்லூரி தொலைவில் இல்லை. பாலக்காட்டில் 2014இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இடுக்கியில் அதே ஆண்டு தொடங்கி இடையில் நின்ற கல்லூரி, 2022இல் 100 இடங்களுடன் மீண்டும் திறந்தது. நம் பிள்ளைகளை வாயிலில் நிறுத்துவது சில வேளை மதிப்பெண் அன்று, காகிதம். தமிழ்நாட்டில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அம்மாநில அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கே உரியது. மூணாற்றுத் தமிழ்ப் பள்ளி அதில் சேராது. கேரளத்திலோ, தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் பெறக் குடும்பம் 1950 ஆகஸ்டு 10க்கு முன்னரே இங்கு நிலைத்தது என்று காட்டச் சொல்கிறார்கள். ஆந்திரத்திலிருந்து தந்தையோடு பம்பாய் சென்ற மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலத்தின் பட்டியல் உரிமை மற்றொரு மாநிலத்துக்குத் தொடர்ந்து வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்த்தது. மூன்று தலைமுறை இம்மண்ணில் உழைத்தும் சான்று காட்ட இயலாமல் பொதுப் பிரிவில் போட்டியிடும் பிள்ளைகள் பீர்மேட்டிலும் தேவிகுளத்திலும் உண்டு.

தாத்தா பெயர் கண்ட தோட்டத்துப் பதிவுச் சீட்டு, பாட்டியின் பள்ளிச் சான்று, பழைய வாக்காளர் பட்டியலின் நகல் ஆகியவை எந்த இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன? பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே தேடி எடுத்து, தாலுக்கா அலுவலகத்தில் ஒருமுறை காட்டி வாருங்கள். நீட் முடிவு வந்த பின் அதற்கெல்லாம் நாள் போதாது.