நினைவு நாணயமும் புழங்கும் நாணயமும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரனாரின் நினைவிடத்தில் மக்கள் திரள்கின்றனர். 1957இல் அந்நாளில் படுகொலை செய்யப்பட்ட அவருக்கு, ஒன்றிய அரசு 2010இல் அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டே, அவருடைய நினைவு நாளில், அதே பரமக்குடியில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தலித் மக்கள் உயிரிழந்தனர். அரசு அச்சிட்டுத் தரும் மரியாதையின் மதிப்பு என்ன என்ற கேள்வி அங்கிருந்தே எழுகிறது.

ரூபாய் நோட்டில் யார் முகம் இடம்பெறும் என்பதை முடிவு செய்வது யார்? 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், பிரிவு 25இன்படி, வங்கியின் மத்திய வாரியம் பரிந்துரைக்கிறது. ஒன்றிய அரசு ஒப்புதல் அளிக்கிறது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கெனச் சிறப்பு நோட்டுகள் வெளிவந்தன. 1996 முதல் அவர் உருவம் நிலைபெற்றுவிட்டது. தாகூர், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் ஆகியோரின் உருவங்களும் இடம்பெறும் என 2022இல் செய்திகள் பரவியபோது, அத்தகைய திட்டம் ஏதுமில்லை என ரிசர்வ் வங்கி மறுத்தது.

மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை நினைவு நாணயங்களே. அவற்றிலும் இரு வகை உண்டு. அம்பேத்கரின் 125ஆவது பிறந்த ஆண்டையொட்டி 2015 டிசம்பர் 6 அன்று 125 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் வெளியிடப்பட்டன. 125 ரூபாய் நாணயம் கடைத்தெருவுக்கு வராது. நாணயச்சாலை அதை முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்குச் சேகரிப்பாளர்களுக்கு விற்கிறது. ஐரோப்பாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் ‘சுழிய யூரோ’ நினைவுத் தாளுக்கோ செலாவணி மதிப்பே இல்லை. இவை பெட்டிக்குள் உறங்கும் மரியாதைகள்.

1990இல் வெளியான அம்பேத்கர் ஒரு ரூபாய் நாணயம் வேறு வகை. அது அன்றாடப் புழக்கத்துக்கென வார்க்கப்பட்டது. தலித் மக்களுக்குத் தனிக்குவளை வைத்த தேநீர்க் கடைகளும், கை படாமல் மேலிருந்து சில்லறையைப் போட்ட வணிகர்களும் இருந்த சமூகம் இது. அங்கே அந்த நாணயத்தை வாங்க மறுக்க எந்தக் கல்லாவுக்கும் உரிமை இருக்கவில்லை. நாணயத்தைத் தொட்ட கை, அதைக் கொடுத்தவரின் கையைத் தொடத் தயங்கியது என்பதே நம் சமூகத்தின் கதை.

‘ரூபாயின் சிக்கல்’ என்ற ஆய்வை 1923இல் நூலாக்கியவர் அம்பேத்கர். இந்திய நாணயமுறை குறித்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவரும் அவரே. அவருடைய முகம் புழங்கும் நோட்டில் இடம்பெற வேண்டும் எனக் கேட்பது சலுகை கோருவதாகாது. ஆயினும் பரமக்குடி நமக்குக் கற்பித்ததை மறக்கலாகாது. அஞ்சல் தலையும் நாணயமும் நீதிக்கு ஈடாகா. முகத்தைக் கேட்போம், அதனினும் உரக்க நீதியைக் கேட்போம்.