எல்லைக்கல் – 17: கடமான் இருந்த சுவர்

தளி பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. மாட்டுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு இளைஞர் பக்கத்தில் வந்து நின்றார். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. இரவுப் பணி முடித்து வந்த கண்கள்.

“டாக்டர் சார், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். தாத்தா மாட்டி வெச்ச மான் தலை ஒண்ணு இருக்கு. பழுப்பாயிடுச்சு. ப்ளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டா வெள்ளையாயிடுமா?”

உள்ளே போய்ப் பார்த்தேன். மான் என்று அவர் சொன்னது கடமான். கன்னடம் பேசும் பக்கத்து ஊர்க்காரர்கள் ‘கடவெ’ என்பார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று கிளையாக, சொரசொரப்பான கனத்த கொம்பு. தோல் கிடையாது, வெறும் மண்டையோடு, பலகையில் திருகாணி போட்டு இறுக்கியது. மைசூரில் 1900 வாக்கில் தொடங்கி 1999 வரை நடந்த வான் இங்கென் பட்டறையின் வேலையாக இருக்குமோ என்று பலகையைத் திருப்பினேன். பல்லாயிரம் புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்த இடம் அது. இதில் அப்படிச் சீட்டு எதுவும் இல்லை. உள்ளூர்த் தச்சர் இழைத்த பலகை, வீட்டு முற்றத்தில் சுத்தம் செய்த தலை.

எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பதையும் அந்த எலும்பே சொன்னது. அண்டாவில் போட்டு விறகடுப்பில் வேகவைத்திருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கொழுப்பு வெளியே வராது, எலும்புக்குள் இறங்கிவிடும்; பிறகு வருஷக்கணக்கில் மஞ்சளாகக் கசியும். கடைவாய்ப் பற்களில் நெடுக்காக விரிசல். மூக்குத் துளைக்குள் காகிதச் சுருள் போல இருக்கவேண்டிய மெல்லிய எலும்புகள் ஒன்றும் மிச்சமில்லை. கம்பியை விட்டுக் கிளறியிருக்கிறார்கள். ப்ளீச்சிங் பவுடர் இதைவிட மோசம். எலும்பையே அரித்துச் சுண்ணாம்பு மாதிரி உதிரவைத்துவிடும்.

ஆனால் அவருக்கு நான் முதலில் சொன்னது இதையெல்லாம் அல்ல. “தம்பி, இதுக்குச் சர்ட்டிபிகேட் இருக்கா?”

இல்லை. “தாத்தா காட்டுல பொறுக்கினதுன்னு அப்பா சொல்வார்” என்றார்.

மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும், உண்மைதான். உதிர்ந்த கொம்பின் அடி முட்டிக்கொண்டிருக்கும். இது மண்டையோட்டோடு சேர்ந்தே இருக்கிறது. கொம்போடு நின்ற மான் கொம்போடு செத்திருக்கிறது. சட்டத்துக்கு அந்த வித்தியாசமும் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொம்பு, எலும்பு, பல், நகம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. பொறுக்கிய கொம்பும் அரசின் சொத்துதான். கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் மான் தலை இருப்பது அதிசயமில்லை. பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் ஜவளகிரியும் கும்மளாபுரமும் வருகின்றன. உரிமம் வாங்கிச் சுட்ட காலம் அது. 1972 சட்டம் அந்தக் கதவைச் சாத்தத் தொடங்கியது. அப்போதே கையில் இருப்பதை அறிவிக்கச் சொன்னார்கள். 2003 ஏப்ரலில் இன்னொரு முறை 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். நாளிதழ் வராத ஊர்களில் யாருக்குத் தெரிந்தது? சான்றிதழ் இருக்கும் வீட்டிலும் பெரியவர் இறந்துவிட்டால் வாரிசு 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். விற்கவே முடியாது. நம் ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று: அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் வாடகை வீட்டுக்குச் சாமானோடு சாமானாக மான் தலையையும் ஏற்றிப்போனால், அது மாநிலம் மாறிய பொருள். 30 நாளுக்குள் அதையும் தெரிவிக்க வேண்டும்.

2023 அக்டோபரில் கன்னட பிக்பாஸ் வீட்டுக்குள்ளிருந்தே ஒருவரைப் புலி நகப் பதக்கத்துக்காகக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு எல்லையின் இரண்டு பக்கமும் பயம் பிடித்துக்கொண்டது. ஒப்படைக்கச் சொல்லி 2024 தொடக்கத்தில் கர்நாடக அரசு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. இங்கே ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றில் போட்டவர்கள், அடுப்பில் வைத்தவர்கள் கதையை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு மனசு ஆறவில்லை. எந்தக் காட்டில் எந்தக் காலத்தில் எப்படிப்பட்ட கடமான் திரிந்தது என்பதற்கு அந்த எலும்பு ஒரு சாட்சி. சட்டத்தில் 2022இல் சேர்த்த ஒப்படைக்கும் பிரிவும் சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான் வழி சொல்கிறது. சான்றிதழ் இல்லாமல் பரண்மேல் தாத்தாவின் பாவத்தைச் சுமக்கும் பேரன்களுக்கும் ஒரு வழி திறக்க வேண்டும். வருவதைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் எலும்புக்கூடத்துக்கும், கோவையில் 1902 முதல் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்கும் கொடுக்கலாம்.

அந்த இளைஞரிடம் வக்கீலைப் பார்த்துவிட்டு வனத்துறைக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற அவர் மகள், ஆறாவது படிக்கிறவள், “அப்போ மண்டையோடு எப்படி இருக்கும்னு நான் பாக்கவே முடியாதா?” என்று கேட்டாள்.

முடியும். ஆட்டில் பார்க்கலாம். கல்லூரியில் நாங்கள் படித்ததே அப்படித்தான்.

கறிக்கடையில் சொல்லிவைத்தால் தலையைப் பிளக்காமல் கொடுப்பார்கள். திடீரென்று செத்து மூக்கிலும் வாயிலும் ரத்தம் வடிந்த ஆட்டைத் தொடவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், அதன் கிருமி எலும்பிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் கிடக்கும். தோலையும் சதையையும் முடிந்தவரை கத்தியால் எடுத்துவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி மூழ்கவைக்க வேண்டும். வீட்டைவிட்டுத் தள்ளி, வெயில் படும் இடத்தில். மிச்சச் சதையை அந்த நீரில் பெருகும் நுண்ணுயிர்களே தின்றுவிடும். முழுத் தண்ணீரையும் மாற்றினால் அவையும் போய்விடும். பாதியை மட்டும் மாற்ற வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். கையுறை இல்லாமல் கிட்டே போகக்கூடாது. ஓசூர்க் குளிரில், அதுவும் மார்கழியில், கூடுதல் நாள் பிடிக்கும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொழுப்பை இறக்க வேண்டும். தண்ணீர் கலங்காமல் நிற்கும்வரை பல தடவை. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடை 3 சதவீதத்துக்கு நீர்க்கவைத்து அதில் ஒருநாள் போட்டால் எலும்பு வெள்ளையாகிவிடும். கழன்ற பற்களை எடுத்துவைத்து அந்தந்தக் குழியில் ஃபெவிகால் தொட்டு ஒட்டலாம்.

அப்படியே ஓர் ஆட்டுத் தலையை ஊறப்போட்டார்கள். பதினைந்தாம் நாள் நானே போயிருந்தேன். சிறுமி பழைய துணியை மூக்கில் கட்டிக்கொண்டு என்னோடு குந்தினாள். பக்கெட்டிலிருந்து எடுத்த தலையின் கொம்பைப் பிடித்து மெல்லத் திருகச் சொன்னேன். ‘சளக்’கென்று கொம்பு கையோடு வந்துவிட்டது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். உடைக்கவில்லை, வந்தது உறை. உள்ளே எலும்புக் குருத்து நின்றது, துளைத்துளையாக. ஆட்டுக் கொம்பு நகம் போன்ற உறை, உள்ளே எலும்பு, ஆயுசுக்கும் விழாது. மான் கொம்புக்கு உறையே இல்லை; முழுக்க எலும்பு, வருஷா வருஷம் விழுந்து முளைப்பது. பாடப் புத்தகத்தில் நான் இரண்டு தடவை படித்தும் மண்டையில் ஏறாதது, அவளுக்கு ஒரு திருகில் புரிந்துவிட்டது. மேல்தாடையைத் தடவிப்பார்த்து, “முன்பல் எங்கே டாக்டர் தாத்தா?” என்று தேடினாள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மானுக்கும் அங்கே பல் கிடையாது, ஈறுமேடுதான்.

வனத்துறையினர் வந்து மகஜர் எழுதிக் கடமான் தலையை எடுத்துப்போய்விட்டார்கள். பெயிண்டர் பட்டி பார்த்தபோது ஆணித் துளையை அடைக்கட்டுமா என்று கேட்டாராம். அடைக்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஜன்னல் திண்டில் ஆட்டு மண்டையோடு இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அவள் கொம்புறையைக் கழற்றிக் காட்டி, திரும்ப மாட்டிவைக்கிறாள்.

(தொடரும்)