நெருப்பு மிகவில்லை, காற்று குறைந்தது

டொரன்டோவில் ஜனவரி மாத நள்ளிரவு. வெளியே மைனஸ் 20 டிகிரி. பேஸ்மென்ட் மூலையில் நிற்கும் எரிவாயு ஃபர்னஸ் ‘குப்’பென்று பற்றுகிறது. அறைகளின் வென்ட் வழியே இதமான காற்று வரத் தொடங்குகிறது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, நெருப்பு அணைந்துவிடுகிறது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில் மறுபடியும் ‘குப்’, மறுபடியும் அணைதல். தெர்மோஸ்டாட்டில் 21 என்று வைத்திருந்தும் வீடு 17ஐத் தாண்ட மறுக்கிறது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “ஃபர்னஸ் ஓவர்ஹீட் ஆகுது” என்கிறார். வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரிவதில்லை. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறோம், இதில் சூடு எங்கிருந்து அதிகமாயிற்று? வெயில் ஊரிலிருந்து போய் அங்கே வீடு வாங்கிய தமிழர்கள் பலருக்கும் முதல் குளிர்காலத்தில் வரும் கேள்வி இது.

விடை அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதில் இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. வாயு எரிந்து உண்டாகும் சூடான புகை, ‘வெப்பமாற்றி’ எனப்படும் உலோகக் குழாய்களுக்குள்ளே ஓடி, தனிக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடும். வீட்டுக் காற்றோ அதே குழாய்களை வெளிப்புறமாகத் தழுவிச் சூடேறி அறைகளுக்குத் திரும்பும். இதைத் தள்ளுவது ‘புளோயர்’ என்ற பெரிய விசிறி. புகையும் வீட்டுக் காற்றும் கலக்கவே கூடாது. நடுவே நிற்பது மெல்லிய உலோகச் சுவர் ஒன்றுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் நோய் பிடிபடும். ஓர் ஃபர்னஸ் வீட்டுக் காற்றுக்கு 22 கிலோவாட் வெப்பம் தருகிறது என்று கொள்வோம். புளோயர் நொடிக்கு ஏறக்குறைய 560 லிட்டர் காற்றைத் தள்ளினால், அந்தக் காற்று சுமார் 33 டிகிரி சூடேறும். 20 டிகிரியில் உள்ளே போனது 53 டிகிரியில் வெளியே வரும். காற்று பாதியாகக் குறைந்தால்? வெப்பம் அதே 22 கிலோவாட்தான், அதைச் சுமக்கும் காற்றுதான் பாதி. ஆகவே 66 டிகிரி ஏறி, 86 டிகிரியைத் தொட்டுவிடும். நெருப்பு ஒரு துளியும் கூடவில்லை. சூட்டை அள்ளிக்கொண்டு போக ஆள் குறைந்துவிட்டது. முடி உலர்த்தும் டிரையரின் பின்பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடும். அதே சங்கதி.

ஃபர்னஸை இப்படி நிறுத்துவது ‘லிமிட் சுவிட்ச்’ என்ற சிறிய பாகம். அதற்குள் இருப்பது வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. இந்த உத்தியை 18ஆம் நூற்றாண்டிலேயே கடற்பயணக் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் கையாண்டார். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி ‘டிக்’ என்று ஒலித்து அணைவதும் இதனால்தான். ஆனால் பட்டையாக இருக்கும் தகடு மெதுவாக வளையும், மின்தொடர்பைச் சட்டென்று வெட்டாது. அதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஸ்பென்சர். சிறுவனாக ஓர் ஆலையில் கொதிகலன் நெருப்பைக் கவனித்து வந்தபோது, சூடேறினால் அடுப்பின் இரும்புக் கதவு ‘டப்’பென்று வெளிப்பக்கம் புடைப்பதையும், ஆறினால் அதே ஒலியுடன் உள்வாங்குவதையும் கண்டார். பின்னாளில் ஈருலோகத் தகட்டைக் குழிவான வில்லையாக அமைத்தார். குறித்த வெப்பம் வந்ததும் அந்த வில்லை ஒரே துள்ளலில் மறுபக்கம் திரும்பும். ஃபர்னஸில் அப்படித் திரும்பிய கணத்தில் வாயு வால்வு மூடிக்கொள்ளும்.

வேலையைச் சரியாகச் செய்யும் இந்த வில்லைமீதுதான் பழி விழுகிறது. சுவிட்சை மாற்றிப் பார்க்கிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவது போலத்தான் இது.

எய்தவனைத் தேட, ஸ்பேனரை எடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். பற்றிய சில நொடிகளிலேயே அணைந்தால் சந்தேகம் ‘ஃபிளேம் சென்சர்’ மீது விழ வேண்டும். நெருப்பில் மின்னேற்றத் துகள்கள் இருப்பதால் அதன் வழியே மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்சாரம் பாயும். சென்சர் கம்பியில் படலம் படிந்தால் அது தெரியாமல் போய், நெருப்பே இல்லை என்று நினைத்துக் கருவி வாயுவை மூடிவிடும். சில நிமிடம் எரிந்து, விசிறி மட்டும் தொடர்ந்து ஓடினால் லிமிட் சுவிட்ச் வெட்டியிருக்கிறது. வீடு கேட்ட சூட்டை எட்டியபின் அணைந்து அடிக்கடி பற்றினால், வீட்டின் அளவுக்கு மீறிய பெரிய ஃபர்னஸாக இருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் சூடான காற்று நேராகப் படும் இடத்தில் இருக்கலாம். பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையில் கண்சிமிட்டும் சிறு விளக்கும் பேசும். எத்தனை முறை சிமிட்டினால் என்ன கோளாறு என்ற அட்டவணை பெரும்பாலும் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும்.

வெட்டியது லிமிட் சுவிட்ச்தான் என்று தெரிந்துவிட்டால், காற்றின் வழியைப் பின்தொடர வேண்டும். முதல் இடம் ஃபில்டர். தூசி அடைத்த ஃபில்டர் எல்லாருக்கும் தெரிந்த குற்றவாளி. புத்தம்புது ஃபில்டரும் குற்றவாளியாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2023 கோடையில் காட்டுத்தீப் புகை டொரன்டோ வானை மறைத்தபோது, நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 ரக ஃபில்டரைப் பலரும் நாடினார்கள். ஓர் அங்குலத் தடிமனில் அவ்வளவு நெருக்கமான ஃபில்டர் போட்டால், பழைய புளோயர் மூச்சுத் திணறும். ஐயமிருந்தால் ஃபில்டரைக் கழற்றி ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

அடுத்து வென்ட்கள். ஆளில்லாத அறையின் வென்டை மூடினால் வாயு மிச்சம் என்று எண்ணுகிறோம். நாலைந்தை மூடினால் காற்றுக்குப் போக்கிடம் குறையும். காற்று திரும்பி வரும் கிரில்லைச் சோபா மறைத்திருந்தாலும் அதே கதிதான்.

மற்றவை மெக்கானிக்கின் வேலை. புளோயர் சக்கரத்தின் இதழ்களில் தூசி அப்பியிருக்கலாம், மோட்டாரின் கெப்பாசிட்டர் பலமிழந்திருக்கலாம். அங்கே கோடைக்கான ஏசியின் ‘காயில்’ என்ற குழாய்ச் சுருளும் பெரும்பாலும் ஃபர்னஸின் தலைக்கு மேலேயே, அதே காற்றுப் பாதையில் இருக்கும். ஏசி ஓடாத மாதங்களிலும் காற்று அதன் வழியாகவே போகிறது. அதன் கீழ்ப்பக்கம் படியும் தூசியும் நாய் முடியும் மூடியிருக்கும் தகட்டைக் கழற்றினால் ஒழியக் கண்ணில் படா. காற்று சரியாக இருந்தும் சூடு மிஞ்சினால் கடைசியாக வாயு அழுத்தத்தை அளப்பார்கள். ஒன்டாரியோவில் அந்த வேலைக்கு உரிமம் பெற்றவர்தான் கைவைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் யாரும் செய்யக் கூடாது. குளிர் பொறுக்காமல், லிமிட் சுவிட்சைத் தவிர்த்து ஒயரை நேராக இணைத்துவிடுவது. நெருப்பு அணையாமல் எரியும், வீடும் சூடாகும். தீ விபத்துக்கும் அதுவே வழி. மிகையாகச் சூடேறி ஆறும் உலோகம் விரிந்து சுருங்கிக் களைத்து வெடிப்பதும் உண்டு. வெப்பமாற்றியின் சுவரில் விரிசல் கண்டால், வெளியே போக வேண்டிய புகை படுக்கையறைக்கு வரக்கூடும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒன்டாரியோவின் வூட்ஸ்டாக் நகரில் 2008இல் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பமே இந்த வாயுவுக்குப் பலியானது. அவர்கள் பெயர் தாங்கிய சட்டம் 2013இல் நிறைவேறி, வீடுகளில் இந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் கட்டாயமாக வழிவகுத்தது.

ஆகவே அந்த அலாரத்தின் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஃபில்டரை மாற்றும்போது அதன் அட்டை ஓரத்தில் தேதியை எழுதி வையுங்கள். அடுத்த முறை நள்ளிரவில் ‘குப்’பென்று பற்றி அணைந்தால், முதலில் படிக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.